தீர்வை நீங்கியது யாருக்கு?

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் தங்கிச் சென்னை சென்றது. உலகின் முதலாவது தீர்வையற்ற கடை அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். போரினால் அடைபட்ட எமது வான்வழி 2019 ஒக்டோபரில் திறந்தது. நோய்த்தொற்றால் மூடப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் திறந்தது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிற்று. இவற்றை வரவேற்பதில் நாம் யாருக்கும் பின்நிற்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். பயணம் புறப்படுவோர் தீர்வையற்ற கடையில் வாங்குவது எதனை? பிறநாட்டு மதுவையும், சிகரெட்டையும், வாசனைத் திரவியத்தையுமே. தீர்வை நீங்கிய அளவுக்கு விலையும் குறைந்துவிடும் என்று நம்புவது பேதைமை. தீர்வை கடுமையாக உள்ள மதுவிலும் புகையிலையிலும் இலாபம் இருக்கலாம். இனிப்புப் பண்டத்தில் அது பெரும்பாலும் வெறுந் தோற்றமே. விலையைக் குறிப்பவர் கடைக்காரர் அல்லவா? மதுவிலும் இந்தியாவில் இறங்குவோருக்குத் தீர்வையின்றி அனுமதி இரண்டு லீற்றருக்கே.

இச்சலுகை விமானம் ஏறுவோருக்கு உரியது. தோட்டத்தில் நிற்கும் கமக்காரனுக்கோ 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்ந்தது. உழவு இயந்திரத்துக்கு ஊற்றும் டீசலும் அவ்வரிக்கு உட்பட்டது. பறப்பவனுக்கு விலக்கு, உழுபவனுக்குச் சுமை என்பது நீதியாகுமா?

பயணிகளின் சலுகையைப் பறிக்குமாறு நாம் கோரவில்லை. அச்சலுகை கூட்டிவரும் வாடிக்கையில் எமது மண்ணுக்கும் பங்கு வேண்டும் என்கிறோம். ஒருகாலத்தில் திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி அனுப்பிய குடாநாடு இது. பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல், நெல்லி ரசம் ஆகியவற்றுக்குப் புறப்படும் மண்டபத்தில் ஓர் இறாக்கை ஒதுக்குவது பெருங் காரியமா?

உள்ளூர்ப் பண்டத்துக்கு இறக்குமதித் தீர்வை ஏது, விலக்கு ஏது என்று சிலர் வினவலாம். நாம் கேட்பது விலக்கன்று, இடமே. சர்வதேச விமானப் பயணத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தலைக் கைப்பையில் பொதுவாக அனுமதிப்பதில்லை. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய பழரசம் பாதுகாப்பு வாயிலிலேயே நின்றுவிடும். வாயிலுக்கு உள்ளே விற்கப்படும் போத்தலோ தடையின்றி விமானம் ஏறும். ஆகவே அந்தக் கடையில் இடமில்லை என்றால், எமது உற்பத்தியாளனுக்கு அந்த வாடிக்கையே இல்லை.

1978 முதல் இயங்கிவரும் பனை அபிவிருத்திச் சபை இதற்கு முன்வர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் தரமும் பொதியும் குறையாது பண்டங்களை வழங்க வேண்டும். கடைக்கு அனுமதி வழங்குவோர் உள்ளூர்ப் பொருளுக்கான இடத்தை நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

வெளிநாடு செல்லும் வைத்தியரும், பொறியியலாளரும், ஆசிரியரும் எமது வாசகரே. அடுத்த முறை பலாலியில் நிற்கும்போது, பிறநாட்டுப் போத்தலுக்கு நீளும் கையைச் சற்றே நிறுத்தி, "எங்கள் ஊர்ப் பொருள் எங்கே?" என்று கேளுங்கள். கேட்பார் இல்லாத பண்டத்தை எந்தக் கடைக்காரரும் வைப்பதில்லை.