ஐம்பது ரூபா முத்திரையும் லிங்கநகருக்கு வரும் கடிதமும்

சாதாரணக் கடிதம் ஒன்றுக்கான முத்திரைக் கட்டணத்தை இலங்கைத் தபால் திணைக்களம் 2022 ஆகஸ்ட் 15 ஆம் திகதி 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்த்தியது. ஒரே நாளில் மும்மடங்குக்கும் அதிகம். ஆயினும் அதைப் பற்றி வாய்திறந்தவர்கள் மிகச் சிலரே. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, அடுத்த மாதமே எழுபது வீதத்தை எட்டவிருந்த பணவீக்கம் என்று நாடு தத்தளித்த வேளையில் முத்திரையை யார் நினைப்பார்?

"இந்தக் காலத்தில் யாரையா கடிதம் எழுதுகிறார்கள்?" என்று கேட்டுப் பலர் இவ்விடயத்தை முடித்துவிடுகின்றனர். அன்பர்களுக்கும் உறவினர்களுக்கும் எழுதும் கடிதம் அற்றுப்போய்விட்டது என்பது உண்மைதான். ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நீலநிற விமானக் கடிதங்கள் வந்த காலத்தை நடுத்தர வயதைக் கடந்த வாசகர்கள் அறிவர். ஓரங்களிலும் மடிப்புகளிலும்கூட இடம் விடாமல் எழுதப்பட்டிருக்கும். இன்று அந்த வேலையை வைபரும் வாட்ஸ்அப்பும் இலவசமாகச் செய்கின்றன. அதற்காகக் கண்ணீர் வடிக்க நான் வரவில்லை.

எஞ்சி நிற்பது வேறொரு வகைக் கடிதம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்றதொரு குடியிருப்பில் தபாற்காரர் இன்று எதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்? நீதிமன்ற அழைப்பாணை, வங்கியின் அறிவித்தல், தனிப்பட்ட பரீட்சார்த்திக்கான அனுமதி அட்டை, தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டை. இவற்றுள் ஒன்று தவறினாலும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வீணாகிவிடக்கூடும். அங்கிருந்து வெளியே செல்லும் கடிதங்களும் அத்தகையனவே. காணிப் பிணக்குக்கு ஒரு மனு, ஓய்வூதியத் தாமதத்துக்கு ஒரு முறைப்பாடு, வேலைக்கு ஒரு விண்ணப்பம். பெரும்பாலானவை "பதிவுத் தபாலில் அனுப்புக" என்று அரசாங்கமே கேட்டுக்கொள்பவை. ஐம்பது ரூபாவோடு பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைப்படப் பிரதிக்கான செலவு வேறு. நாட்கூலிக்குச் செல்லும் ஒருவர் அரசுக்குத் தம் குறையைச் சொல்வதற்கு இத்தனை செலவு.

காணாமற்போனோரின் தாய்மாரைச் சந்திக்கச் சென்ற இடங்களிலெல்லாம் நான் கண்ட ஒன்றுண்டு. பிளாஸ்டிக் பைக்குள் பிள்ளையின் புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அவற்றுக்கடியில் மங்கிப்போன பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, ஜனாதிபதிக்கு, ஆணைக்குழுக்களுக்கு, 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபின் அதற்கு. பதில் வராத கடிதங்களே அதிகம். ஆனால் எழுதினேன் என்பதற்குச் சான்று அந்தத் துண்டுக் கடதாசி. அதில் தபாலக முத்திரையும் திகதியும் உண்டு. "உங்கள் கடிதம் கிடைக்கவில்லை" என்று அதிகாரி சொல்லும்போது அவர்களால் நீட்டக்கூடியது அது ஒன்றே.

திணைக்களத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. 2022 இல் பதினைந்து ரூபாவுக்கு ஒரு வெறுந்தேநீர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு மூதூரில் இடப்பட்ட கடிதத்தைத் தேவேந்திரமுனையில் ஒரு வீட்டு வாசலில் சேர்ப்பிக்க வேண்டியிருந்தது. எந்தத் தூரமாயினும் ஒரே கட்டணம் என்ற இந்த ஏற்பாடு 1840 இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் கொடை. இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வெளிவந்தது. தனியார் கூரியர் நிறுவனங்கள் இலாபம் தரும் பாதைகளைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். தபாற்காரருக்கு அந்த உரிமை இல்லை. 2020 இல் ஊரடங்கு நாட்களில் அரசாங்க வைத்தியசாலைகளின் மருந்துப் பொதிகளை நோயாளரின் வீடுகளுக்குக் கொண்டுசென்றவர்களும் அவர்களே. ஆகவே கட்டண உயர்வே தவறு என்று நான் வாதிடவில்லை. உயர்வு எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுந்ததுதான் தவறு. மாதந்தோறும் ஆயிரக்கணக்கான கடிதங்களை அனுப்பும் வங்கியும் ஆண்டுக்கு இரண்டு மனு எழுதும் விதவையும் ஒன்றல்லர்.

டென்மார்க்கைப் பாருங்கள் என்று சிலர் உதாரணம் காட்டுகின்றனர். 1624 முதல் கடிதம் விநியோகித்து வந்த அந்நாட்டின் தபால் சேவை 2025 டிசம்பர் இறுதியில் அதை நிறுத்திக்கொண்டது. வீதியோரத் தபாற்பெட்டிகளையும் அகற்றிவிட்டது. அங்கு வாழும் நம்மவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள். ஆனால் அங்கே 2014 இலேயே அரசின் கடிதங்கள் பிரசைகளின் மின்னணுப் பெட்டிக்குச் செல்லத் தொடங்கிவிட்டன. முதலில் அரசு கடதாசியை விட்டது, பிறகு தபாற்காரர் விடைபெற்றார். நமது அரசோ இன்னமும் கடதாசியில்தான் அழைக்கிறது, கடதாசியில்தான் மறுக்கிறது. (பல வேளைகளில் லிங்கநகர்த் தமிழருக்கும் சிங்களத்தில் மட்டுமே எழுதுகிறது என்பது தனிக் கதை.) இந்த நிலையில் கடிதத்தை எட்டாத விலைக்கு உயர்த்துவதும் உப தபாலகங்களைச் சுமையாக நோக்குவதும் தலைகீழான வேலை.

பின்பற்றுவதற்கு உகந்தது கனடாவின் ஒரு வழக்கம். அங்கே பாராளுமன்ற உறுப்பினருக்கும் ஆளுநர் நாயகத்துக்கும் எழுதும் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. கனடாவிலும் முத்திரை விலை 2025 ஜனவரியில் ஏறியது, அதற்கு முந்திய நவம்பரிலும் டிசம்பரிலும் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது, நட்டமும் பெரிது. இருந்தும் அந்தச் சலுகையில் கைவைக்கவில்லை.

பிரதேச செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம் ஆகியவற்றுக்குப் பொதுமக்கள் எழுதும் கடிதங்களுக்கும் அவற்றின் பதிவுக்கும் கட்டணம் அறவிடாதிருக்கலாம். ஒரு கடிதத்தால் திணைக்களம் இழக்கும் தொகையை அதைப் பெறும் அலுவலகம் தனது ஒதுக்கீட்டிலிருந்து செலுத்தட்டும். அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும் பணம் அது. எத்தனை கடிதங்கள் வந்தன, எத்தனைக்குப் பதில் போயிற்று என்ற கணக்கும் அப்போது அலுவலகத்தின் செலவேட்டிலேயே பதிவாகிவிடும். இந்த யோசனைக்குத் திறைசேரியைவிட அலுவலகங்களிடமிருந்தே எதிர்ப்புக் கிளம்பும் என்று நான் எண்ணுவதற்கு அந்தக் கணக்கே காரணம்.