பூட்டைத் திறந்த லைப்ரரி!

பயோமெடிக்கல் புராஜெக்ட்டுக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிப் பிடிச்சு க்ளிக் பண்ணினா, டாலர்ல காசு கேக்குதா? நமக்குப் போறது மார்க்தான். ஆனா, சின்ன ஊர் டாக்டருக்கு? எதிர்ல பேஷன்ட் உட்கார்ந்திருக்காரே பாஸ்!

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு லைப்ரரி இருக்கு. அமெரிக்காவில், மேரிலாண்ட் மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகம். 1836-ல் ராணுவ டாக்டர்களுக்காகத் தொடங்கினது. 1879-ல் மருத்துவக் கட்டுரைகளுக்கு 'இண்டெக்ஸ் மெடிகஸ்'னு அட்டவணை போட்டாங்க. 1997-ல் 'பப்மெட்' தேடல் எல்லோருக்கும் ஃப்ரீ! ஆனா, அதில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். முழுக் கட்டுரைக்காக 2000-ல் வந்தது 'பப்மெட் சென்ட்ரல்'.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுன்னா, வெளியான ஒரு வருஷத்துக்குள் அங்கே திறந்து வைக்கணும்னு 2008-ல் விதி வந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த வெயிட்டிங்கும் கட்! மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு, மக்கள் கைக்கே வரணும்ல?

ஒரு விஷயம்... பப்மெட்ல இருக்குங்கிறதாலேயே ஒரு கட்டுரை வேதவாக்கு ஆயிடாது. எத்தனை பேர்கிட்ட ஆய்வு பண்ணினாங்க, யார் காசு கொடுத்தாங்கன்னு பாருங்க. அடுத்த தடவை எங்கேயாவது காசு கேட்டா, அதே தலைப்பை பப்மெட் சென்ட்ரல்ல ஒரு தட்டு தட்டிப் பாருங்க!