15 வருசத்துக்கு ஒரு பல்லி

இப்ப எங்கட வயசுக்காரரின் கைபேசிகளுக்குள்ள ஒரு பல்லி ஓடித் திரியுது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தடிச்ச வால், சிரிக்கிற மாதிரி ஒரு வாய். லெப்பர்ட் கெக்கோ, தமிழில சிறுத்தைப் பல்லி எண்டு வைச்சுக்கொள்ளுவம். ‘முதன்முதலா வளர்க்கிற ஆக்களுக்கு இதுதான் சுகமான பிராணி’ எண்டு வீடியோக்களில சொல்லுகினம். நாய் மாதிரிக் குரைக்காது, பூனை மாதிரி மீன் சட்டிக்குள்ள வாய் வைக்காது, ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது எந்த ஊரில சுகம்? யாழ்ப்பாணத்தில இல்லை என்பதுதான் என் கருத்து.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கம். வறண்ட கல்லு நிலம். எங்கட சுவர்ப்பல்லிக்குக் கண்ணிமை இல்லை, நாக்கால நக்கித்தான் கண்ணைத் துப்புரவாக்கும். சிறுத்தைப் பல்லிக்கு மூடித் திறக்கிற இமை இருக்கு. ஆனால் சுவரில ஒட்டி ஏற உதவுற விரலடி மயிர்கள் இல்லை. அது நிலத்தில திரியிற பிராணி. கொழுப்பை வாலில சேமிக்கும். வால் மெலிஞ்சால் ஏதோ பிழை எண்டு அர்த்தம். ஒழுங்காகப் பார்த்தால் 15, 20 வருசம் இருக்கும்.

ஒழுங்காகப் பார்க்கிறது எண்டால் என்ன? பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 25 அளவில. ஊர்வன தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. தின்டது செமிக்கச் சூட்டுப் பக்கம் போகும், ஆற மற்றப் பக்கம் வரும். ரெண்டு பக்கத்திலயும் ஒளிய இடம் வேணும். ஈரக் கடதாசி வைச்ச மூடின டப்பா ஒண்டும் வேணும், தோல் உரிக்கிறதுக்கு. உரிச்ச தோல் விரலில இறுகினால் இரத்தோட்டம் நிண்டு விரலே போகும். தரைக்கு மணல் போடக்கூடாது, இரையோட உள்ள போய்க் குடலை அடைக்கலாம், கடதாசி போதும். சாப்பாடு உயிருள்ள பூச்சி மட்டும், அதுவும் கல்சியம் தூளும் வைட்டமின் டி3-யும் தடவி. அது குறைஞ்சால் எலும்பு மெலிஞ்சு வளையும். ரெண்டு ஆணை ஒரு பெட்டியில விட்டால் சண்டை. தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவோணும், சல்மொனெல்லா கிருமி தொத்தும்.

இனி இதை எங்கட வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைச்சுப் பாருங்கோ. வீடியோக்காரருக்கு இருக்கிற கவலை எப்படிச் சூடாக்கிறது என்பது. எங்களுக்கு நேர்மாறு: வைகாசி மாசத்தில சீற் கூரை வீட்டில 25 பாகைக்கு எங்க போறது? சூட்டுப் பக்கம் சும்மா வரும், குளிர்ப் பக்கம்தான் வராது. வறண்ட நிலத்துப் பிராணிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரம் இன்னொரு கரைச்சல்; சுவாச நோயும் தோல் நோயும் அதாலதான் வரும். குளிரூட்டி போடலாம் எண்டால், 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது.

இரை? கரப்பானைப் பிடிச்சுப் போடலாம்தானே எண்டு சிலர் கேட்பினம். அந்தக் கரப்பானுக்கு நீங்கள் போன கிழமை ஸ்பிறே அடிச்சிருப்பீங்கள். வெங்காயத் தோட்டத்து வெட்டுக்கிளிக்குப் பக்கத்து வீட்டு ஐயா மருந்தடிச்சிருப்பார். நஞ்சு பூச்சியோட நிக்காது, பல்லிக்கும் போகும். எனவே சுவர்க்கோழியோ மாப்புழுவோ நீங்களே வளர்க்கோணும். வருத்தம் வந்தால்? இங்கத்தைய மிருக வைத்தியர்மாரின் வேலை மாடு, ஆடு, கோழி, நாயோடதான். கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது பேராதனையில.

சட்டமும் இருக்கு. 1937-ம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு ஊர்வனவை நாட்டுக்குள்ள கொண்டுவர ஏலாது. விக்கிறவரிட்ட அந்தக் கடிதத்தைக் கேளுங்கோ. இந்த வியாபாரத்தின் மற்றப் பக்கத்தையும் யோசியுங்கோ. நக்கிள்ஸ் மலைக்காட்டில மட்டும் வாழுற, மூக்கில கொம்புள்ள ஒரு ஓணான் இருக்கு. வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காக எங்கட ஓணான்களைக் கடத்தினபடியால், 2019-ல் ஜெனீவாவில நடந்த சைட்டிஸ் மாநாட்டில இலங்கை அதையும் வேறு சிலதையும் பாதுகாப்புப் பட்டியலில சேர்ப்பிக்க வேண்டி வந்தது. எங்கட ஓணானைப் பெட்டியில அடைக்காதேங்கோ எண்டு உலகத்திட்டக் கேட்டுப்போட்டு, அவையின்ர பல்லியை நாங்கள் பெட்டியில அடைக்கிறதை என்னெண்டு சொல்லுறது?

எனக்குப் பெரிய கேள்வி வேற. எங்கட வயசில ஆரால 15 வருசத்துக்கு வாக்குக் குடுக்க ஏலும்? பாதிப் பேர் கனடா, லண்டன் எண்டு ஃபோம் நிரப்பிக்கொண்டு இருக்கிறம். போன ஆக்களின்ர வீட்டு வாசலில படுத்திருக்கிற நாய்களை ஒவ்வொரு ஒழுங்கையிலயும் பார்க்கலாம். நாய்க்காவது அயல்சனம் ஒரு பிடி சோறு வைக்கும். பூச்சி மட்டும் தின்னுற பல்லிக்கு ஆர் வைக்கிறது? வயசுபோன அம்மம்மாவோ?

ஊர்வனவில உண்மையான ஆசை எண்டால் ஒரு மாசம் விறாந்தை லைற்றுக்குக் கீழ இருந்து பாருங்கோ. எந்தப் பல்லி எந்த மூலைக்குச் சொந்தக்காரன், ஒண்டை ஒண்டு எப்படிக் கலைக்குது, படச் சட்டத்துக்குப் பின்னால முட்டை எப்ப பொரிக்குது எண்டு நாள் போட்டு எழுதுங்கோ. கதையில பல்லி சொன்னால் ‘பார், பல்லியும் சொல்லுது’ எண்டு நம்புற நாங்கள், அதே பல்லியைத் தும்புத்தடியால அடிக்கிறம். ஒரு மாசத்தில அலுத்துப்போனால், 15 வருசம் உங்களுக்குச் சரிவராது எண்டு காசு செலவில்லாமல் தெரிஞ்சிடும்.

ஏற்கெனவே வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு. மேல எழுதினதை இண்டைக்கே சரிபாருங்கோ, ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கோ. ஏலாமல் போனால் பொறுப்பாகப் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடுங்கோ. பின்வளவில மட்டும் கொண்டுபோய் விடாதேங்கோ. அது பிழைக்காது, பிழைச்சால் எங்கட பல்லிகளுக்கு நோயைக் குடுக்கலாம்.