கேட்டுக்கு வெளியே ஒரு கணக்கு

பழைய சர்ச், துருப்பிடிச்ச கேட், ஆளில்லாத ரோடு... போட்டோவுக்கு அழகுதான் மக்களே. கடலூர்ல அதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு.

1690-ல மராட்டியர்கிட்ட தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கின இங்கிலீஷ் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழற தூரம் வரைக்கும் ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கிச்சு. 1749-ல கத்தோலிக்கர்கிட்ட இருந்து சர்ச்சைப் பிடுங்கி, புராட்டஸ்டன்ட் மிஷனரி கியர்நாந்தர்கிட்ட கொடுத்துச்சு.

இன்னிக்கு சிதம்பரம் ரோட்டுல சிப்காட் கேட்டு. 'அனுமதியின்றி உள்ளே வராதீர்'. வெளியே வர்ற நாத்தத்துக்கு மட்டும் அனுமதி வேணாமா? 2009-லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரை மிக மோசமா மாசுபட்ட இடங்கள் பட்டியல்ல சேர்த்தாச்சு.

செலவை மறைச்சா லாபமே பொய்னு பி.காம். முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாங்க. குடிகாட்டு மக்களோட தண்ணிச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் எந்தக் கம்பெனி லெட்ஜர்ல இருக்கு? அன்னிக்கு குண்டு விழுந்த தூரம், இன்னிக்கு நாத்தம் போற தூரம். கம்பெனியோட எல்லை அதுதான்னா, கணக்கையும் அதுவரைக்கும் எழுதுங்க சார்!