செக்கில் யார் கையெழுத்து?

சேரிக்குப் பணம் வருவதில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். வருகிறது. உலக வங்கி தருகிறது, ஆசிய வளர்ச்சி வங்கி தருகிறது, கம்பெனிகள் தருகின்றன, மத்திய மாநில அரசுகள் தருகின்றன. எல்லாம் சேரியின் பேரைச் சொல்லித்தான் வருகிறது. ஆனால் சேரிக்குள் வந்து சேரும்போது அது சுவரில் பெயின்டாக, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பையாக, மருத்துவ முகாமின் பேனராக மாறியிருக்கிறது. வீடாக வருவதில்லை. வீடாக வந்தாலும் இருந்த இடத்தில் வருவதில்லை. வழியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தத் தலையங்கம் பேச வேண்டியிருக்கிறது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த கோவிந்தசாமி நகரை நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தார்கள். பொக்லைன் முன்னால் ஒரு பெரியவர் தன் உடம்புக்குத் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்: மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் கட்டப்பட்டு வரும் குடியிருப்புகளில் அந்தக் குடும்பங்களுக்கு வீடு தரப்படும் என்று. நாம் கேட்பது ஒன்றுதான். அந்த வீடுகள் மே 8ஆம் தேதிக்கு முன்னாலும் அங்கேதானே கட்டப்பட்டுக்கொண்டிருந்தன? பக்கத்திலேயே இடம் உண்டு என்று அரசுக்குத் தெரிய ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது.

மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் அடையாறிலும் விடிகாலையில் பாத்திரம் தேய்க்கிற கை, வாசல் பெருக்குகிற கை, குப்பை அள்ளுகிற கை எங்கிருந்து வருகிறது? நடந்து வருகிற தூரத்திலிருந்து. அந்தக் கையை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, 'பெண்களுக்குத்தான் பஸ் இலவசம் ஆச்சே' என்கிறார்கள். பஸ் இலவசம்தான். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, அந்த நேரம் யார் கொடுப்பது? ஆறு மணிக்கு வேலைக்கு வராத அம்மாவை எந்த வீடு வைத்துக்கொள்ளும்?

எப்போதுமே இப்படி இருக்கவில்லை என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியம் உருவானது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று பலகை வைத்தார்கள். இறைவனை நாம் விட்டுவிடலாம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு எழுந்தது என்பது முக்கியம். 1971 சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் பட்டியலில் ஏறின. 1985இல் இன்னும் 17. அதோடு சரி, பல பத்தாண்டுகள் ஒரு பேர்கூட ஏறவில்லை. பட்டியலில் இல்லாத சேரி சட்டத்தின் கண்ணுக்கு 'ஆக்கிரமிப்பு'. 1977இலும் 1980இலும் உலக வங்கிக் கடனில் நடந்த நகர வளர்ச்சித் திட்டங்களில் குடிசைகளை இடிக்காமலே தெருவும் குழாயும் கக்கூசும் போட்டு, மனையைத் தவணைக்கு எழுதித் தருகிற பகுதி ஒன்று இருந்தது. குறைகள் நிறைய. ஆனால் சனங்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

2000 வாக்கில் காற்று மாறியது. கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் ஜவகர்லால் நேரு நகரத் திட்டத்தின் காசில் பெரும்பாக்கம். மூன்றும் சேர்ந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்துச் சட்டம்; அதை மாநகரம் காங்கிரீட்டில் கட்டியது. 2021இல் வாரியத்தின் பேரையும் மாற்றி 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்றார்கள். பேரிலிருந்து குடிசை போயிற்று. 2020இல் உலக வங்கி தமிழக வீட்டு வசதிக்கு ஒப்புக்கொண்ட 20 கோடி டாலரும் 5 கோடி டாலரும் மானியம் இல்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். கடன். நம் ஏழ்மையைக் காட்டி வாங்கியது.

சரி, தானமாக வருகிற பணம் என்ன செய்கிறது? 2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஒரு கலை அறக்கட்டளை, ஒரு பெயின்ட் கம்பெனி, மாநகராட்சி மூவரும் சேர்ந்து செய்தது. ஓவியங்கள் அழகாகத்தான் இருக்கின்றன; வரைந்த கலைஞர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஊரைவிட்டுத் துரத்தியபோது இந்தக் காசு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. இருக்கிற இடத்திலேயே வாரியக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது 'பயனாளி பங்கு' என்று ஒன்றரை லட்சம் வரை கேட்டார்களே, அந்தப் பங்கைக் கட்ட ஒரு கம்பெனி முன்வரட்டும். வராது. பட்டாவைப் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போட்டால் அழகாக இராது.

சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். செலவழிக்கக்கூடிய இனங்களில் 'குடிசைப் பகுதி மேம்பாடு' என்பதை 2014இல் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் அந்தக் காசை வாங்கிச் செயல்படுத்தும் நிறுவனத்துக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், 2021 முதல் மத்திய அரசிடம் தனிப் பதிவு வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் இறுக்கம். பதிவுக்கு முன் மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் பணம் வந்து விழ வேண்டும். 2020 செப்டம்பர் திருத்தம் இன்னொரு கதவையும் சாத்தியது: ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. கால்வாய்க் கரைச் சங்கத்துக்குப் பெரிய அமைப்பு வழியாகக் கசிந்து வந்த கொஞ்சநஞ்சமும் நின்றது. 15 லட்சம் வைத்திருக்கிற சேரிச் சங்கம் எங்கே இருக்கிறது? ஆக, ஏழைக்கான பணத்தை ஏழை நேரடியாகத் தொடவே முடியாதபடி கட்டியிருக்கிறார்கள்.

வங்கிக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். இந்த நகரத்தின் ஒரு கிளையில் பார்த்தது: கரையோரத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று கணக்கு தொடங்க வந்தது. தீர்மான நோட்டு, ரப்பர் ஸ்டாம்பு, ஏழு பேர் கையெழுத்து எல்லாம் சரி. 'விலாச அத்தாட்சி?' என்று கேட்டார் மேலதிகாரி. கார்டில் இருந்த கதவு எண், இடித்துப் போட்ட வீட்டின் எண். 'அந்த வூட்டுக்குத்தான் சார் சங்கமே வெச்சோம்' என்றார் முன்னால் நின்ற அக்கா. ஃபாரம் திரும்பிப் போனது.

இது புதிய கதையும் அல்ல. 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு கழகம் உண்டாயிற்று. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். பின்னாளில் அரிஜன சேவா சங்கம் என்று ஆனது அதுதான். அந்த நவம்பரில் லண்டன் போகும் கப்பலிலிருந்து அண்ணல் அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். குடிமை உரிமைக்கான போராட்டமே முதல் வேலையாக இருக்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் ஒடுக்கப்பட்டோரிலிருந்து வர வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு சங்கத்திலிருந்து விலகினார். நிர்வாகத்தில் எங்களவர் ஏன் இல்லை என்று கேட்டபோது கிடைத்த பதிலை 1945இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார்: இது இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் இந்துக்களுடையது, ஆகவே நிர்வாகமும் அவர்களுடையதே. தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. பிராயச்சித்தத்துக்கு இப்போது வரிவிலக்கு கிடைக்கிறது. நாற்காலி மட்டும் கைமாறவில்லை.

தன்னார்வக் குழுக்கள் எல்லாம் ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி என்று 1984இல் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரையின் தடத்தில் இன்னும் பேசுகிற இடதுசாரித் தோழர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லவில்லை. கட்சிகள் கைவிட்ட கால்வாய்க் கரைகளில் கணக்கெடுத்து, மனு எழுதி, பொக்லைன் முன்னால் நின்றவர்கள் இருக்கிறார்கள். பெண்ணுரிமை இயக்கத்தை இந்த நகரத்தின் குடிசைவாசி மறக்க மாட்டான். ஆனால் அந்தப் பழைய விமர்சனம் சாதியை எண்ணவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்துக்குள் போய் எண்ணிப் பாருங்கள். வெயிலில் அலைகிற களப் பணியாளர் யார், சம்பளம் என்ன? அறங்காவலர் யார், செக்கில் கையெழுத்து யாருடையது? அந்த நிறுவனத்தின் அரசியல் அங்கே தெரிந்துவிடும்.

சேரிச் சனத்தின் கையில் காசு கொடுத்தால் கரைந்துபோகும் என்பார்கள். கொடுத்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில் சேரிவாசிகள் சேமிப்புக் குழு கட்டி, கூட்டுறவுச் சங்கமாகி, நிலத்தை விலைக்கோ குத்தகைக்கோ தாங்களே பேசி முடிக்கிறார்கள். அரசின் மானியமும் குறைந்த வட்டிக் கடனும் அந்தச் சங்கத்துக்கே வருகிறது. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, கொழும்பின் தோட்டங்களில் (அங்கே சேரிக்குத் தோட்டம் என்று பேர்) கிணறு, கக்கூசு, சாக்கடை கட்டுகிற ஒப்பந்தத்தைக் குடியிருப்போர் சபைக்கே கொடுத்தார்கள். பிரேமதாசாவின் மற்ற அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் இல்லாமல் சாக்கடை ஓடியது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

எனவே நம் கோரிக்கை: குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கான எந்தக் கம்பெனிப் பணமும், இருக்கும் இடத்திலேயே குடியிருப்புக்கு, குடியிருப்போர் சங்கத்தின் கையெழுத்தோடு செலவாக வேண்டும். அதற்கு முதலில் சங்கம் காகிதத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் போதும். வருடாந்திரக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தவறாமல் கட்ட வேண்டும், இல்லையென்றால் மூன்று வருட அனுபவம் என்று காட்ட எதுவும் இருக்காது. மாணவத் தோழர்களே, இது உங்கள் வேலை. பட்டினப்பாக்கத்திலும் தி. நகரிலும் கோட்டூர்புரத்திலும் வாரியக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். துணைவிதி எழுதவும் நோட்டு பராமரிக்கவும் உட்காருங்கள். பொருளாளராக ஒரு பெண் இருக்கட்டும். பதிவாளர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் கூடப் போய்வாருங்கள்; இடிக்கிற நோட்டீஸ் வருவதற்கு முன்னால்.