இணையாத மின்னூல் வாசிப்பானும் அலமாரியில் உறங்கும் தமிழ் நூல்களும்



ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முயற்சியாலோ நன்கொடையாளர்களின் உதவியாலோ மின்னூல் வாசிப்பான்கள் வாங்கப்பட்டுள்ளன. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் உளர். ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே அவற்றுள் பல வள மையத்தின் அலமாரிக்குள் சென்று விடுகின்றன. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "கணினியில் செருகினோம்; தெரியவில்லை. கெட்டுவிட்டது போலும்."

கெட்டுவிட்டது என்னும் இம்முடிவை நாம் மிக எளிதாக எடுத்து விடுகிறோம் என்பதே என் கருத்து. என் பார்வைக்கு வந்த கருவிகளுள் உண்மையிலேயே பழுதானவை மிகச் சில. எஞ்சியவை இணையாதவை, அவ்வளவுதான். இணையாத கருவிக்கும் பழுதான கருவிக்கும் வேறுபாடு தெரியாத காரணத்தால், நம் மாணவர்கள் படிக்க வேண்டிய தமிழ் நூல்கள் அலமாரியில் உறங்குகின்றன.

கைப்பேசி இருக்க, இது எதற்கு?

இக்கேள்வியைப் பெற்றோர் பலர் எழுப்புகின்றனர். நியாயமான கேள்வியே. நல்ல மின்னூல் வாசிப்பானின் திரை மின்மைத் திரை. காகிதத்தைப் போல் வெளியிலுள்ள ஒளியைக் கொண்டே எழுத்தைக் காட்டும். ஒரு முறை மின்னூட்டினால் பல நாள், சில வேளைகளில் பல வாரம் கூட இயங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் வாட்சாப் மணி ஒலிக்காது, காணொலி குறுக்கிடாது. ஒரு பக்கத்தை முடித்த பிள்ளை அடுத்த பக்கத்துக்குத்தான் செல்லும். பத்து வயதுப் பிள்ளையின் கவனத்தைப் பற்றிக் கவலைப்படும் எவரும் இதன் அருமையை உணர்வர்.

நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் சிறுவர் நூல்கள் விலையும் அஞ்சல் செலவும் சேர்ந்து நம் கைக்கு வரும்போது சுமையாகின்றன. சிகாமட், லாபிஸ், குளுவாங் போன்ற ஊர்களிலும் அவற்றின் உட்புறத் தோட்டங்களிலும் வாழும் பிள்ளைகளுக்கு அருகில் தமிழ்ப் புத்தகக் கடை எங்கே இருக்கிறது? ஆனால், விலையின்றிச் சட்டப்படி பெறத்தக்க தமிழ் மின்னூல்கள் ஏராளம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் நம் இலக்கியச் செல்வங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்வடிவில் தருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்ட தமிழ் நூல்களை ஈபப், மோபி வடிவங்களிலும், ஆறங்குலத் திரைக்கென அமைத்த பிடிஎஃப் வடிவத்திலும் வழங்குகிறது. இவற்றையெல்லாம் கணினியில் இறக்கி, ஒரு கம்பியின் வழியாக வாசிப்பானுக்குள் மாற்றினால் போதும். ஒரு சிறு நூலகமே பிள்ளையின் கையில் இருக்கும்.

அந்தக் கம்பிதான் இப்போது நம் சிக்கல்.

குறையை எங்கே தேடுவது?

திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு வள்ளுவர் ஒரு முறையை வகுத்துள்ளார். முதலில் நோய் எதுவென அறிய வேண்டும். பிறகு அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும். கருவிகளுக்கும் இதுவே பொருந்தும். நாமோ காரணம் தேடுமுன் கடைக்கு ஓடுகிறோம். பெற்றோர் ஒருவர் தம் மகளின் வாசிப்பானை நகரத்துக் கடையொன்றில் காட்டியிருக்கிறார். புதிதாக ஒன்று வாங்குமாறு கூறிவிட்டார்களாம். வேறொரு கம்பியைச் செருகிப் பார்த்ததும் அக்கருவி கணினியில் தோன்றியது. பத்து இருபது ரிங்கிட்டில் முடியும் செயலுக்குப் பல நூறு ரிங்கிட் செலவாக இருந்தது!

ஆகவே, கீழ்க்காணும் வரிசையில் சோதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். அப்போதுதான் எது காரணமென்று தெரியும்.

1. கம்பி: யுஎஸ்பி கம்பியின் அடிப்படை அமைப்பில் நான்கு இழைகள் உள்ளன. இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு தரவுக்கு. மலிவு விலைக் கம்பிகள் சிலவற்றில் மின்சார இழைகள் மட்டுமே இருக்கும். அத்தகைய கம்பியைச் செருகினால் கருவியில் மின்னூட்டக் குறி தோன்றும். கணினியோ எதையும் காணாது. "மின்னூட்டம் ஏறுகிறது, ஆனால் கணினியில் தெரியவில்லை" என்று யாரேனும் கூறினால், முதலில் ஐயுற வேண்டியது கம்பியைத்தான்.

2. செருகுமிடம்: பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியைத் தவிர்த்து, நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியாயின் பின்புறத் துளையில் செருகிப் பாருங்கள். வாசிப்பானின் துளையில் தூசி அடைந்திருந்தால் மெல்ல அகற்றுங்கள்.

3. வாசிப்பான்: மின்கலம் முற்றிலும் தீர்ந்திருந்தால் ஒரு மணி நேரமாவது மின்னூட்டிய பிறகே முயல வேண்டும். கடவுச்சொல் இட்டிருந்தால் திரையைத் திறந்து வைக்க வேண்டும். கோபோ வகைக் கருவிகள் கணினியோடு இணைக்கலாமா என்று திரையில் கேட்கும். அங்கே தொட்டு ஒப்புதல் தராவிட்டால் இணையா. கிண்டில் வகை அசையாமல் நின்றுவிட்டால், மின்விசையை ஏறத்தாழ 40 விநாடி அழுத்திப் பிடித்து மீண்டும் தொடங்கச் செய்யலாம். இதனால் உள்ளிருக்கும் நூல்கள் அழியா.

4. கணினி: கருவி இணைந்திருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். பழைய வாசிப்பான்கள் விரலியைப் போலத் தனி எழுத்துப் பெற்ற வட்டாகத் தோன்றும். பள்ளி வலையமைப்பு அதே எழுத்தை முன்னரே எடுத்துக் கொண்டிருந்தால் வட்டு மறைந்து நிற்கும்; விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியில் வேறெழுத்துக் கொடுத்தால் வெளிப்படும். நச்சுநிரல் அச்சத்தால் சில பள்ளிக் கணினிகளில் வெளிக்கருவிகள் தடுக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியில் செருகிப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

5. இணையும் முறை: 2024-இல் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைட் போன்ற புதிய வகைகள் எம்டிபி என்னும் முறையில் இணைகின்றன. இவை தனி எழுத்துடைய வட்டாகத் தோன்றாமல், கைப்பேசியைச் செருகினால் தோன்றுவது போலத் தோன்றும். மெக் கணினியிலோ அதற்கெனத் தனி மென்பொருள் இருந்தால்தான் தோன்றும். பழைய முறைக்குப் பழகியவர்கள் இதனைப் பழுதென எண்ணிவிடுகின்றனர்.

6. நூலின் வடிவம்: கருவி இணைந்து, கோப்பும் ஏறிவிட்டது, ஆயினும் நூலைக் காணவில்லையா? ஈபப் கோப்பைக் கம்பி வழியே கிண்டிலில் இட்டால் அது பட்டியலில் தோன்றாது. கிண்டிலுக்குரிய வடிவத்திற்கு மாற்றி ஏற்ற வேண்டும். கோபோ கருவிக்கு ஈபப் வடிவமே போதும்.

எல்லா நேரமும் குறை நம்முடையதாகவும் இராது. 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-இன் ஆண்டுநிறைவு மேம்பாடு வெளிவந்தபோது, சில கிண்டில் கருவிகளைச் செருகியவுடனே கணினி நீலத்திரையோடு நின்றுபோனது. மைக்ரோசாப்ட் நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. அன்று கருவியைத் தூக்கியெறிந்தவர்கள் நல்ல கருவியையே எறிந்தார்கள்.

ஒரு மாணவர் செய்தது

2006-இல் சோனி நிறுவனம் பிஆர்எஸ்-500 என்னும் மின்னூல் வாசிப்பானை வெளியிட்டது. அக்கருவி லினக்ஸ் இயங்குதளத்தோடு இணையவில்லை. அந்நிறுவனம் அதற்கான மென்பொருளையும் தரவில்லை. அப்போது அமெரிக்காவில் கால்டெக் கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த கோவிட் கோயல் என்னும் இந்தியர், கருவியும் கணினியும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைத் தாமே ஆராய்ந்து ஒரு சிறு மென்பொருளை எழுதினார். அதுவே வளர்ந்து 2008-இல் காலிபர் என்னும் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் மின்னூல்களை ஒழுங்குபடுத்தவும் வடிவம் மாற்றவும் வாசிப்பானில் ஏற்றவும் பலரும் இதனை விலையின்றிப் பயன்படுத்துகின்றனர். மேலே ஆறாவதாகக் கூறிய வடிவ மாற்றத்தையும் காலிபரே செய்து தரும்.

இணையாத கருவியை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் நமக்கு இந்த மென்பொருள் கிட்டியிராது. நம் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க கதை இது. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை அமர்த்தி, மேற்கூறிய வரிசைப்படி குறையைத் தேடச் செய்யுங்கள். ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்பது அறிவியல் பாடத்தில் நாம் கற்பிப்பதுதானே? இங்கே அதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டுக் கிடைக்கிறது.

கம்பி வழி ஏன் தேவை?

"இப்போதெல்லாம் கம்பியே வேண்டாம், அருகலையிலேயே நூல் வந்துவிடுமே" என்று சிலர் கூறுவர். உண்மைதான். மின்னஞ்சல் வழியாகவும் இணையத்தளம் வழியாகவும் கிண்டிலுக்கு ஈபப் நூல்களை அனுப்பும் வசதி 2022 முதல் உள்ளது. இணையம் தங்குதடையின்றி ஓடும் வீடுகளுக்கு அது மிக எளிது. ஆனால், முப்பது கருவிகள் ஒரே நேரத்தில் பள்ளியின் அருகலையை நம்பி நிற்கும்போது என்ன நேருமென்பதை வகுப்பாசிரியர்கள் அறிவர்.

மேலும், வசதியைத் தருபவர் அதனை நிறுத்தவும் கூடும். அமேசான் கடையில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே மாற்றும் வசதி, 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்தப்பட்டது. நம் சொந்தக் கோப்புகளைக் கம்பி வழியே ஏற்றத் தடையில்லை. ஆயினும், கடையில் வாங்கிய நூலின் படி நம் கணினியில் இருக்குமென்னும் நிலை மாறிவிட்டது. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். இன்றும் அதனால் பயன் பெறுகிறோம். எனினும், பள்ளியின் தமிழ் நூலகம் முழுவதையும் ஒரு கடையின் கணக்குக்குள் வைப்பது அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு. 2011-இல் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் ஃபிராக் கற்றல் தளத்தில் ஆசிரியர்கள் பாடங்களை உருவாக்கினர். 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது. 2020-இல் டெலிமா தளம் வந்தது. தளங்கள் மாறுவது இயல்பு; அதனைக் குறை கூறவில்லை. ஆனால், தம் கோப்புகளைத் தனியே சேமித்து வைத்திருந்த ஆசிரியருக்கு அம்மாற்றம் இழப்பாக இருந்திராது. நூல்களுக்கும் இதுவே விதி. கோப்பு நம் வட்டில் இருக்க வேண்டும். கம்பி நம் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விலை கொடுத்து வாங்கிய நூலைப் படியெடுத்து முப்பது கருவிகளில் ஏற்றுவது எழுத்தாளருக்குச் செய்யும் அநீதி. தமிழில் எழுதி வாழ்வோர் ஏற்கெனவே மிகச் சிலரே. பள்ளித் தொகுப்பில் உரிமம் திறந்த நூல்களும், காப்புரிமைக் காலம் கடந்த நூல்களும், நம் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய படைப்புகளும் மட்டுமே இடம்பெற வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய நிதி ஏதும் தேவையில்லை. தரவுக் கம்பிகள் இரண்டினை வாங்கி, 'வாசிப்பானுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டி வள மையத்தில் வையுங்கள். மேற்கண்ட ஆறு படிகளை அச்சிட்டு அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். ஒரு கணினியில் காலிபரை நிறுவி, தமிழ் நூல்களை ஆண்டு வாரியாக அடுக்கி, அதன் படியொன்றை வெளி வட்டிலும் வையுங்கள். பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் சென்றாலும் முறை நின்றுவிடாது. நீலாம் வாசிப்புப் பதிவுக்கும் தமிழ் நூல் இல்லையென்னும் குறை குறையும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் புதிய கருவி வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பள்ளியில் உள்ள கணினியோடு இது இணையுமா? நம் சொந்தக் கோப்பை ஏற்ற இயலுமா? தமிழ் எழுத்து, கொம்பும் காலும் இடம் மாறாமல் தெளிவாகத் தெரியுமா? கடையிலேயே ஒரு தமிழ்க் கோப்பை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்கத் தயங்குங்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுத் தருகின்றனர். அவை இயங்க மறுக்கும்போது என்ன செய்வதென்பதையும் சேர்த்துக் கற்றுத் தந்தால், பின்னாளில் பல அலமாரிகள் திறந்தே இருக்கும்.

தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்று முழங்குகிறோம். அத்தேர்வைச் செய்த பிள்ளையின் கையில் படிக்கத் தமிழ் நூலொன்று இருக்க வேண்டாமா? இந்த வார இறுதியில், வீட்டிலோ பள்ளியிலோ உறங்கும் வாசிப்பான் ஒன்றை எடுங்கள். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.