குடவோலை ஊருக்கு அரை நாள் போதுமா?

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா கார் ஓட்டுகிறார். அம்மா மடியில் புளியோதரை டப்பா. பாட்டிக்கு முழங்கால் வலி, ஆனால் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பெரியவளுக்குச் சரித்திரப் பாடத்தில் குடவோலை முறை வந்திருக்கிறது. சின்னவனுக்குப் பறவை பார்க்க வேண்டும். "உத்திரமேரூர்ல என்ன இருக்கு? ஒரு கல்வெட்டு. அரை நாள் போதும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அதை நம்பி ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார்கள்.

வழியில் ஒரு டிபன், ஒரு காபி. ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. பெருமாள் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. மறுபடி திறக்க மாலை நான்கு ஆகலாம். அதுவரை பாட்டி எங்கே படுப்பார்? யாருக்கும் தெரியாது. கல்வெட்டு முன்னால் நின்று இரண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பாட்டி வாசல் கதவைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. அடுத்த முறை அவரால் வர முடியுமா என்பது அவருக்கே தெரியாது.

ஊர் மேல் தப்பில்லை. யோசனை சொன்னவர் நேரத்தையும் சொல்லவில்லை, தங்கும் இடத்தையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சித்தப்பா விட்டுவிட்ட விவரங்கள் இதோ.

காலை: முதலில் சுந்தர வரதர்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாக உத்திரமேரூர் சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காரில்லாதவர்களுக்கு இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்து உண்டு. விடியற்காலை ஆறு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும்.

ஊரில் கால் வைத்ததும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுங்கள். கல்வெட்டு எங்கும் போகாது, நடை சாத்திவிடும். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோயில் இது. 1,100 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இதன் விமானம் மூன்று தளம் கொண்ட அஷ்டாங்க விமானம். கீழ்த்தளத்தில் நின்ற கோலத்தில் சுந்தர வரதர். நடுத்தளத்தில் அமர்ந்த கோலத்தில் வைகுண்ட வரதர். மேல்தளத்தில் பள்ளிகொண்ட அனந்த பத்மநாபர். சுற்றியுள்ள சந்நிதிகளையும் சேர்த்தால் ஒரே விமானத்தில் ஒன்பது திருமூர்த்திகள். மதுரை கூடலழகர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்.

முழங்கால் வலிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்தளங்களுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். பெரியவர்கள் கீழ்த்தளத்திலேயே சுந்தர வரதரையும் ஆனந்தவல்லித் தாயாரையும் சேவித்துவிட்டு நிதானமாக உட்காரலாம். பேரப்பிள்ளைகள் மேலே போய் வந்து, பார்த்ததை அப்படியே சொல்லட்டும். மேல்தளம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று அர்ச்சகரை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து மணிக்கு: பானையும் ஓலையும்

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பார்த்தால் பிரம்மாண்டமாக எதுவும் தெரியாது. இந்த மண்டபத்தில்தான் ஊர்ச் சபை கூடியது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் இடம்பெற்றதும் இந்த ஊர்க் கல்வெட்டுதான்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ம், 14-ம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை இவை. பழைய எழுத்து என்பதால் நம்மால் நேராகப் படிக்க முடியாது. அதனால் கிளம்பும் முன் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருமே ஒரு முறை படித்துவிடுங்கள். கல்லின் முன்னால் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெரியவர் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே!

இப்படித் தேர்ந்த 30 பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது! 919-ல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 வரை என்று திருத்தியிருக்கிறார்கள்.

பெருமைப்படலாம். அதே நேரம் பிள்ளைகளிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். இது பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதக் கல்வியும் இருந்தால்தான் பெயர் ஓலைக்கு வரும். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. "அப்போ நான் நிக்க முடியாதா?" என்று பெரியவள் கேட்டால், "அன்னைக்கு முடியாது. இன்னைக்கு முடியும்" என்பதுதான் பதில். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு 2016-ல் சட்டமானது.

இத்தாலிக்கு டூர் போய் வந்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இதையும் சொல்லுங்கள். வெனிஸ் நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268 முதல் பின்பற்றிய முறையிலும் ஒரு சிறுவன்தான் குலுக்கல் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தான். அங்கும் பெரிய குடும்பத்து ஆண்களுக்கு மட்டுமே வாய்ப்பு. உத்திரமேரூர்ச் சிறுவன் குடத்துக்குள் கைவிட்டது அதற்குச் சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பு.

வெயில் ஏறும் நேரம்

கல்வெட்டைப் பார்த்த கையோடு ஏரிக்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஏரி இது. வைரமேகன் என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். ஏரி வாரியத்தின் ஆறு பேருக்கும் இதுதான் வேலை. ஒரு மன்னன் வெட்டிய ஏரியை ஒரு சபை காப்பாற்றியது என்பதைக் கரையில் நின்று சொன்னால் சின்னவனுக்குக்கூடப் புரியும். குடையும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். பிளாஸ்டிக் குப்பையைக் கரையில் போடாமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாதாரண சாப்பாட்டுக் கடைகள் போதும். எது நல்ல கடை என்று ஆன்லைனில் நட்சத்திரம் எண்ணுவதைவிட, கோயில் வாசலில் பூ விற்கும் அக்காவைக் கேளுங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். காஞ்சிபுரம் சாலையில் சில கிலோமீட்டரில் திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. காலையில் நேரம் மிச்சமிருந்தால் மட்டும் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை: வேடந்தாங்கல்

நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் மாலை நான்கு மணிக்கு வேடந்தாங்கலில் இருங்கள். உத்திரமேரூரிலிருந்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று சின்னவன் எண்ணிக்கொண்டே இருப்பான்.

இங்கும் ஊர்க்காரர்களின் கதைதான் பெரிது. பறவைகளைச் சுட வந்தவர்களுக்கு எதிராக ஊரார் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உரிமைச் சீட்டு வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது. கிளம்பும் முன் ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை, சத்தமான பாட்டு இரண்டும் வேண்டாம்.

ராத்திரி எங்கே தங்குவது?

சித்தப்பா யோசிக்காத கேள்வி இதுதான். உத்திரமேரூரிலேயே குடும்பத்தோடு வசதியாகத் தங்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம். காஞ்சிபுரமோ செங்கல்பட்டோதான் சௌகரியம். கோயில்களும் பட்டும் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம். மறுநாள் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டுமென்றால் செங்கல்பட்டு.

அறை போடும் முன் போனில் நாலே கேள்வி கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? காலையில் வெந்நீர் எத்தனை மணி வரை? கார் நிறுத்த இடம் உள்ளேயா, தெருவிலா? பாட்டி வரும் பயணத்தில் இந்த நாலும் ஏ.சி.யைவிட முக்கியம். முகூர்த்த நாள்களில் அறை கிடைப்பது கஷ்டம். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள்.

காஞ்சிபுரத்தில் தங்கினால் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் குடலை இட்லியைச் சாப்பிடாமல் வரக் கூடாது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது பழைய பக்குவம். டம்ளரில் ஊற்றி எடுப்பதற்கும் அதே பெயர் சொல்வார்கள். கேட்டு வாங்குங்கள். பட்டு வாங்குவதென்றால் யாரோ கூட்டிப்போகும் கடைக்குப் போகாமல், கூட்டுறவு சங்கக் கடையில் முதலில் விலை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை: ஆயிரம் ஆண்டு ஆஸ்பத்திரி

திரும்பும் வழியில் பழைய சீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் இது. மறுகரையில் திருமுக்கூடல், அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். இங்குள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், ஆதுலர் சாலை எனும் மருத்துவமனையும் நடந்ததை அது சொல்கிறது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட இருக்கிறது.

மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வரும் பாட்டிக்கு, மொத்தப் பயணத்திலும் மனசுக்கு நெருக்கமாகப் படுவது இந்த இடமாகத்தான் இருக்கும்.

ஆக, அரை நாள் போதாது. ஒன்றரை நாள் வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் பாட்டி சுந்தர வரதரைச் சேவித்திருப்பார், பெரியவள் தன் கேள்வியைக் கல்லின் முன்னாலேயே கேட்டிருப்பாள், சின்னவன் கூழைக்கடாவைப் பார்த்திருப்பான். இனி யாராவது "உத்திரமேரூர்ல என்ன இருக்கு?" என்று கேட்டால் ஊர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். நடை சாத்தும் நேரத்தையும் ராத்திரி தங்கும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டுப் பாட்டியாவது மூடிய கதவைக் கும்பிட்டுத் திரும்பாமல் இருப்பார்.